பக்கம் திருப்பும் சத்தம்

எங்கள் வீட்டுப் புத்தகங்கள் கடையிலிருந்து வந்தவை அல்ல. கத்தரிக்கோலிலிருந்து வந்தவை.

ஆர்.கே.புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸ். இரண்டாம் மாடி, மஞ்சள் பூச்சு, மழைக்கு ஊறி வெயிலுக்கு உரியும் சுவர். மெட்ராஸிலிருந்து ரயிலேறி வரும் வாரப் பத்திரிகையை அப்பா மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்துக் கடையில் வாங்கி வருவார். வரும்போதே அது பழசாகியிருக்கும். அதில் யாருக்கும் குறையில்லை. டில்லியில் எங்களுக்கு எல்லாச் செய்தியும், சாவுச் செய்தி உட்பட, கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அப்பா முதலில் படிப்பார், பிறகு அம்மா. அதன்பின் தொடர்கதைத் தாள்களை மட்டும் அப்பா கத்தரித்து, குண்டூசி குத்தி, டிரங்குப் பெட்டியில் வைப்பார். ஒரு தொடர் முடிய வருஷம் ஆகும். எழுதுகிறவருக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னும் கூட. முடிந்த அன்று கட்டை வெளியே எடுத்து, கையில் தூக்கி எடை பார்ப்பார். அடுத்தது பைண்டிங்.

அந்தத் தாள்களில் கதை முடிகிற இடத்தின் பின்பக்கம் வேறு உலகம். பாதிச் சமையல் குறிப்பு. மூட்டுவலிக்கு டாக்டர் பதில், கேள்வி இல்லாமல். சிறுவர் பகுதியின் ஒற்றைக் காது முயல், மற்ற காது கத்தரிக்கோலோடு போய்விட்டது. நான் டில்லியில் பிறந்தவள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ். தமிழ் எழுத்துகளைக் கோடை விடுமுறை வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் வாசிப்பது, சாக்கடையில் கிடக்கும் செங்கல் மேல் ஒவ்வொன்றாகக் கால் வைத்துத் தாண்டுகிற மாதிரி. அப்பாவின் நாவல்கள் எனக்கு முன்பக்கம் மூடிய வீடுகள். கொல்லைப்புறமாக அந்த முயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

முனிர்கா கிராமத்துச் சந்தில் இருந்தார் பைண்டர். பக்கத்துப் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டுப் பொன்னெழுத்து பதிப்பது அவர் தொழில். தமிழ் அவருக்குக் கம்பளிப்பூச்சி ஊர்ந்த தடம். முதல் தடவை அப்பா கட்டைக் கொடுத்தபோது, பத்திரிகையில் அச்சாகியிருந்த பக்க எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டார். கதை ஒரு வாரம் பதினெட்டாம் பக்கத்தில் வரும், மறு வாரம் நாற்பதில். எல்லா வாரத்துப் பதினெட்டும் முன்னால், எல்லா வாரத்து நாற்பதும் பின்னால். தையல் மட்டும் அத்தனை அழகு. அப்பா அன்று சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் பென்சில் வந்தது. ஒவ்வொரு தாளிலும் கீழ் மூலையில், பைண்டருக்குத் தெரிந்த எண்ணில், ஒன்று இரண்டு மூன்று என்று அப்பா வரிசை எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்துத் தாள்களைப் பரப்பி உட்கார்ந்தால் அந்தப் பொழுது முழுக்க வீட்டில் யாரும் ஃபேன் போடக் கூடாது.

"உங்கப்பா தவத்துல இருக்காரு. ஃபேனைப் போட்டா சபிச்சிருவாரு" என்பாள் அம்மா, முந்தானையால் விசிறிக்கொண்டு.

இப்படிச் சேர்ந்த பைண்டுகள் அலமாரியில் ஒரு வரிசை நிறைய. பழுப்பு அட்டை, சிவப்புத் துணி முதுகு. ஆபீஸ் விட்டு வந்து, காலைக் கழுவி, காப்பி குடித்து, அதில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் அப்பா அப்பாவாக ஆவார். அதுவரைக்கும் அவர் ஏதோ ஓர் அமைச்சகத்தின் ஏதோ ஒரு செக்‌ஷன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். நான் கனாட் ப்ளேஸில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புது பைண்டு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஹீட்டர் பக்கத்தில் தினமும் சாயங்காலம் அப்பா அதோடு உட்கார்ந்திருந்தார். அம்மா தன் முறைக்குக் காத்துப் பார்த்தாள். பொறுக்காமல் ஒரு விடுமுறை நாளில் பால்கனி வெயிலில் பட்டாணி உரித்தபடியே எடுத்துப் பிரித்தாள்.

"ஏட்டி, இங்க வா. போன பக்கத்துல ஒருத்தன் ஆத்துல விழுந்து செத்தான். இந்தப் பக்கத்துல அவனே கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுதான். வாரா வாரம் படிச்சப்ப இப்படி இல்லியே, என்ன கதைட்டி இது?"

"மறுபிறவியா இருக்கும்மா."

"மறுபிறவின்னாலும் மீசை அப்படியேவா இருக்கும்? படத்தைப் பாரு."

பார்த்தேன். அதே மீசை. அம்மா முன்னும் பின்னும் புரட்டினாள். பட்டாணித் தோல் பக்கங்களுக்குள் விழுந்தது. கதை முழுக்க இடம் மாறிக் கிடந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அந்த பைண்டர் பய மறுபடியும் கொழப்பி வச்சிருக்கான். ஒரு வாரமா படிக்கிய, ஒரு வார்த்தை சொல்லலியே?"

"அச்சா?" என்றார் அப்பா. மப்ளரைக் கழற்றினார். "நான் இன்னும் அந்த எடத்துக்கு வரல."

"ஆரம்பத்துலயே தப்பு. நீங்க பாதிக்கு மேல அடையாளம் வச்சிருக்கிய."

அப்பா மப்ளரை மடித்தார். அதை இன்னொரு தடவை மடித்தார். இதற்கு முந்தைய தப்புக்குச் சாப்பிடாமல் கிடந்த மனிதர், "சரி, சனிக்கிழமை போய்க் கேப்போம்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மூடுபனி. ஆளுக்கு ஆள் முகம் தெரியாத பனி, பஸ்கள் பகலிலும் விளக்கோடு ஊர்ந்தன. ரிங் ரோட்டைக் கடக்கும்போது அப்பா என் தோளில் கை வைத்தார். அப்படி வைக்கிறவர் இல்லை. குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பைண்டர் பசைக் கையோடு புத்தகத்தை வாங்கினார். தப்பு என்று சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "மை க்யா கரூம், பாபுஜி? ஜைஸா லிகா தா, வைஸா ஸீ தியா." நீங்கள் எழுதியபடிதான் தைத்தேன் என்று, குண்டு பல்புக்குக் கீழே விரித்துக் காட்டினார்.

பென்சில் எண்கள். ஃபைலில் குறிப்பு எழுதினால் பக்கத்து செக்‌ஷனிலிருந்து வந்து பார்ப்பார்களாம், அப்படிப்பட்ட கையெழுத்து அப்பாவுடையது. அந்தக் கைதான் இதையும் எழுதியிருந்தது. சில எண்கள் அச்சு வரிகளின் மேலேயே ஏறிக் கிடந்தன. சில தாளின் விளிம்பைத் தாண்டிப் போய் ஒரு கால் மட்டும் மிஞ்சியிருந்தன. ஒரே எண் தாளுக்குத் தாள் திரும்பத் திரும்ப. சில தாள்களில் எண்ணே இல்லை. தாளை விட்டுப் பாயின் மேல் எழுதியிருப்பாரோ என்னவோ. அந்த இடங்களை பைண்டர் தன் மனசுக்குப் பட்டபடி நிரப்பியிருந்தார்.

அப்பா பக்கத்தின் மூலையில் விரலை வைத்துத் தடவினார். பார்க்கவில்லை, தடவினார். தோளில் வைத்த கை குளிருக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"டீக் ஹை" என்றார்.

"சஷ்மா பதல் லோ, பாபுஜி" என்று சொல்லிவிட்டு பைண்டர் பசைக் கிண்ணத்துக்குத் திரும்பினார். கண்ணாடி மாற்றச் சொல்கிறார். அந்த வருஷம் அப்பா மாற்றாத கண்ணாடியா. ஒவ்வொரு புதுக் கண்ணாடிக்கும் நாங்கள் சிரித்திருந்தோம்.

திரும்பும் வழியில் பனி இன்னும் இறங்கியிருந்தது. சந்து முனையில் யாரோ டயர் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"எப்ப இருந்துப்பா?"

"மழைக்காலத்துல இருந்து. நடுவுல ஒரு கறுப்பு. எங்க பாக்கேனோ அங்கதான் அது நிக்குது. பாக்காத எடமெல்லாம் நல்லாத் தெரியுது."

"அப்போ ஒரு வாரமா புத்தகத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணுனிய?"

"வாரா வாரம் படிச்ச கதைதானே. நெனச்சுக்கிட்டே திருப்புவேன். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கைக்குத் தெரியும்."

ரிங் ரோட்டுக்கு வந்துவிட்டோம். அவர்தான் மறுபடி ஆரம்பித்தார்.

"ஆபீஸ்ல சமாளிச்சிருவேன். பக்கத்து சீட்டுக்காரன் வாசிச்சுச் சொல்லுவான், நான் கையெழுத்துப் போடுவேன். அது கெடக்கட்டும்." கக்கத்தில் இருந்த பைண்டை இறுக்கிக்கொண்டார். "இது போச்சுன்னா, சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் என்னட்டி செய்வேன்?"

அந்தக் கேள்விக்குள்தான் அதற்குப் பிறகு வந்த வருஷங்களெல்லாம் குடியிருந்தோம்.

சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். காரிடாரில் சுவரோரம் ஜனங்கள் கம்பளி விரித்துப் படுத்திருந்தார்கள், ஒரு கண்ணில் பஞ்சு வைத்தவர்கள், இரண்டு கண்ணிலும் வைத்தவர்கள். லேசர் கொடுத்தார்கள். போனது வராது, இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கப் பார்க்கலாம் என்றார் டாக்டர். தூக்கமில்லாத சின்னப் பையன் அவர். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஹிந்தியில், மேலதிகாரியிடம் கேட்கிற பணிவோடு: இனிமேல் படிக்க முடியுமா? டாக்டர் கார்டில் எழுதிக்கொண்டே, "ரேடியோ சுனியே, அங்கிள்" என்றார், ரேடியோ கேளுங்கள் என்று.

நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். வேறென்ன செய்வது. அலமாரியிலிருந்து அவருக்கு மிகவும் பிடித்த பைண்டை எடுத்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு சொல்லின் பாதியில் நிற்பேன், அடுத்த சொல்லின் வாலைப் பிடித்து இழுப்பேன். அழுகிற பெண்ணின் பேச்சு என் வாயில் ரயில்வே அறிவிப்பு மாதிரி வந்தது. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். தாடை அசைந்துகொண்டே இருந்தது. நான் தடுக்குகிற சொல்லையெல்லாம் அவர் உள்ளுக்குள் முன்னாலேயே சொல்லி முடித்திருந்தார்.

சில நாள் பொறுத்தார். ஒரு சாயங்காலம் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினார்.

"போதும்மா. நீ தமிழ் வாசிக்காத. கதை செத்துப் போவுது."

சமையற்கட்டிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். "பெத்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தராம ஊர்க் கதையைக் கத்தரிச்சுக் கத்தரிச்சு வச்சிய இல்ல, இப்ப அனுபவிங்க."

அப்பா சிரிக்கவில்லை. நானும்தான்.

அதற்கப்புறம்தான் தரியாகஞ்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளெல்லாம் ஷட்டர் போட்டிருக்கும், ஷட்டருக்கு முன்னால் நடைபாதை முழுக்கப் புத்தகம் பரப்பிக் கிடக்கும், பிளாஸ்டிக் விரிப்பில், கோணியில், சில இடத்தில் வெறும் தரையில். தமிழ் முடியாதென்றால் ஹிந்தி, ஹிந்தி இல்லையென்றால் இங்கிலீஷ். என்ன வாங்குவது என்று எனக்கு ஒரு யோசனையும் இல்லை. நான் அதுவரை பாடப் புத்தகம் தாண்டிப் படித்தவள் அல்ல. குந்தி உட்கார்ந்து கைக்கு வந்ததை எடுத்து முதல் பக்கத்தை மனசுக்குள் வாசித்துப் பார்ப்பேன். அப்பாவின் தாடை அசையாமல் இருக்குமா? இருக்கும் என்று பட்டால் பையில் போடுவேன். அதுதான் என் அளவுகோல்.

மருத்துவக் கல்லூரிக்காரர்கள் எலும்புப் படங்களைத் தேடுவார்கள். போட்டித் தேர்வுப் பிள்ளைகள் கைடுகளுக்கு மொய்ப்பார்கள். நான் மிச்சத்தில் மேய்ந்தேன். துப்பாக்கியும் உதட்டுச் சாயமும் அட்டையில் போட்ட ஹிந்தி மர்ம நாவல்கள். பனிக்கடலில் சிக்கிய கப்பலின் சமையல்காரன் எழுதிய நாட்குறிப்பு, கடைசிப் பக்கங்கள் கிழிந்தது. மழை பெய்யாத ஓர் ஆப்பிரிக்க ஊருக்கு ரயில் நிலையம் கட்டி, ரயிலுக்குக் காத்திருக்கும் ஜனங்களின் கதை. ஹிந்தியில் பெயர்த்த ஒரு ஜப்பானிய நாவல், அதில் குடை விற்கும் கிழவர் ஒருவர், மழை வந்தால் மட்டும் மகனுக்கு ஞாபகம் வருகிறவர். தேனீ வளர்ப்பது எப்படி. நட்சத்திரங்களைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுதியது. தூதரகத்துப் பிள்ளைகள் வளர்ந்து ஊர் திரும்பும்போது கழித்துப் போட்ட படப் புத்தகங்கள், எனக்குப் பெயர் கூடத் தெரியாத மொழிகளில்.

முதல் பக்கங்களில் யார் யார் பெயரோ இருக்கும். பிறந்தநாளுக்கு அன்புடன் என்று இருக்கும். எந்தப் புத்தகமும் சும்மா அந்த நடைபாதைக்கு வருவதில்லை. யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது வீடு காலி செய்திருக்க வேண்டும், அல்லது கண் போயிருக்க வேண்டும். அந்தக் குவியல்களுக்கு நடுவே குந்தியிருக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சாவு வீட்டில் பாத்திரம் பொறுக்குகிற கூச்சம் இருந்தது. பொறுக்கினேன். பை கனக்க பஸ் ஏறினேன்.

ஹிந்தியை ஹிந்தியாகவே வாசித்தேன். இங்கிலீஷைத் தமிழில் சொன்னேன். வாசிக்கிற தமிழ்தான் எனக்கு வராது, பேசுகிற தமிழ் வருமே. அது அம்மாவிடம் வாங்கிய தமிழ். ஆகவே பனிக்கடலில் அந்தச் சமையல்காரன், "ஏலே, உப்பு தீந்துபோச்சு, இனி கடல்தண்ணியைக் காய்ச்ச வேண்டியதுதான்" என்றான். மாலுமிகள், "நாசமாப் போறவனே, நேத்தும் இதத்தானலே சொன்ன" என்றார்கள். அப்பாவின் தாடை நின்றது. முகம் என் பக்கம் திரும்பியது, கண் மட்டும் எனக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, கறுப்பு இல்லாத இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்தது.

"அவன் மேல தப்பில்ல" என்றார். "கப்பல்ல உப்பு இல்லாம எப்படி?"

"தப்பில்லன்னு நீங்க எப்படிச் சொல்லுதிய?" அம்மா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தினாள். "கெளம்பும்போதே ஒரு மூட்டை கூட வாங்கிப் போட்டிருக்கணும். பொம்பள இருந்திருந்தா போட்டிருப்பா."

"வடதுருவத்துக்கு உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"என்னை நீங்க ஆக்ராவுக்கே இன்னும் கூட்டிட்டுப் போகல."

அப்படிச் சில சாயங்காலங்கள் இருந்தன. இருந்தன என்பதை எழுதத்தான் வேண்டும், மற்றவையே அதிகம் என்றாலும். மின்சாரம் போன சாயங்காலங்களில் மெழுகுவர்த்தி வைத்து, புத்தகத்தின் மேல் குனிந்து வாசிப்பேன். போகப் போக அப்பாவுக்குக் கரண்டு போனதே தெரியாமல் ஆனது. "ஏன் குனிஞ்சு பேசுத?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வருகிறபோதெல்லாம் அம்மா நறுக்குவது நிற்கும்.

பெயர் தெரியாத மொழியின் படப் புத்தகம் ஒன்றில் வால் இல்லாத ஒரு நரி, தோளில் பையோடு காட்டில் போகும். எழுத்து எனக்குத் தெரியாது, படம் அவருக்குத் தெரியாது. நான் படத்தைச் சொல்ல, அவர் கதையைச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் அது வேறு நரி. ஒரு நாள் அது தபால்காரன், ஒரு நாள் திருடன். ஒரு நாள் பெண்ணுக்கு வரன் தேடிப் போகும் அப்பன். "வால் இல்லாத நரிக்கு எவன் சம்பந்தம் பேசுவான்?" என்று அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அந்த வருஷம் ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. நரி அடுத்த பக்கத்துக்குப் போனது.

நான் புத்தகங்களைக் கண்டுகொண்டது இப்படித்தான். எனக்காகத் தேடியதில்லை. ஒருவர் கண்ணுக்குள் கறுப்பு பரவப் பரவ, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க ஓடி ஓடி வாங்கியதில், என் அலமாரி மட்டும் உலகம் முழுக்க விரிந்தது. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸை விட வேண்டும். ஜனக்புரியில் முதல் மாடியில் இரண்டறை. டெம்போவில் சாமான் ஏற்றும்போது சிவப்பு முதுகு பைண்டுகளைத் நானே தூக்கிப் போவேன் என்று அப்பா அடம் பிடித்தார். படியில் கால் தடுமாறி, கட்டு சிதறி, கீழே கிடந்ததைத் தவழ்ந்து தடவித் தடவிச் சேர்த்தார். அம்மா அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாடி வளைவில் நின்றாள்.

புது வீட்டில் அவை பரணில் ஏறின. அப்பாவுக்கு இப்போது ஜன்னல் எது, சுவர் எது என்பது மட்டும் தெரியும். சில நாளில் அதுவும் இல்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் முகம் பரண் பக்கம் போகும். கேட்கமாட்டார். நீ தமிழ் வாசிக்காதே என்று சொன்ன வாய். அந்த வாயைத் திறந்து எப்படிக் கேட்பார்?

ஒரு கோடையில் அந்தக் குழம்பிய பைண்டை இறக்கினேன். அவர் கண்ணால் கடைசியாகச் சேர்த்த கதை. அது ஒழுங்கான வரிசையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. பிளேடால் தையலை அறுத்தேன். தாள்களை என் அறைத் தரையில் பரப்பினேன், ஃபேனை அணைத்துவிட்டு. டில்லி மே மாதம். வியர்வை தாளில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு.

பென்சில் எண்கள் உதவாது. அத்தியாய எண் தலைப்புப் படத்துக்குள் எங்கோ ஒளிந்திருந்தது, பாதித் தாள்களில் தலைப்பே இல்லை. எதற்கு அடுத்து எது என்று தெரிய ஒரே வழிதான் இருந்தது. வாசிக்க வேண்டும். ஒரு தாளின் கடைசி வரியை வாசித்து, அது எந்தத் தாளின் முதல் வரியில் போய் ஒட்டுகிறது என்று தேட வேண்டும். அந்த வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்று தெரியாமல் அதை ஒட்ட முடியாது. எழுத்துக் கூட்டினேன். ஒரே வரியைப் பத்துத் தாளோடு வைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் போகும்போது ஒரு பாதி வாக்கியம் நாக்கில் கிடக்கும், ஆபீஸில் பாலிசி எழுதும்போது அதன் மறு பாதி தட்டும். மழை வந்தது, போனது. மீசைக்காரன் முதலில் பந்தக்கால் நட்டான், பிறகுதான் ஆற்றுக்குப் போனான். வரிசை ஒட்ட ஒட்ட, என் வாய்க்குள் தமிழும் ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பால்கனியில் வெயில். அப்பா பிரம்பு நாற்காலியில், சால்வைக்குள். நான் தைக்காத கட்டை மடியில் வைத்து, எதுவும் சொல்லாமல் முதல் அத்தியாயத்தை ஆரம்பித்தேன்.

நாக்கு தடுக்கவில்லை. அம்மா கையில் பட்டாணியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். பந்தல் வந்தது, மேளம் வந்தது, மணப்பெண்ணின் வீட்டுச் சண்டை வந்தது, ஒவ்வொருவரும் அவரவர் குரலில் பேசினார்கள். அப்பாவின் தாடை அசையவே இல்லை. அத்தியாயம் முடிந்ததும் நிமிர்ந்தேன். அவர் கன்னம் நனைந்திருந்தது.

"நல்லா வாசிக்க" என்றார். "எங்கட்டி படிச்ச?"

"தரையில" என்றேன்.

அடுத்த தாளை எடுத்தேன். அவர் கை காற்றில் துழாவி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம் தாயி."

"நல்லா இருக்குன்னு சொன்னீயளே?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் வேண்டாம்." கொஞ்ச நேரம் வெயிலைப் பார்த்தார், அல்லது வெயில் படுகிற பக்கம் முகத்தை வைத்திருந்தார். "இது நான் கண்ணால படிச்சது. அந்த மீசை, அந்த ஆறு, எழுத்து எந்தப் பக்கத்துல எந்த மூலையில இருந்ததுங்கறது வரைக்கும் உள்ள இருக்கு. நீ வாசிச்சா இனிமே உன் குரல்லதான் இருக்கும். நான் பாத்தது போயிரும். என்ட்ட அது ஒண்ணுதான் மிச்சம்."

நிலைப்படியில் நின்ற அம்மா பட்டாணிக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள்.

ஒரு கோடையும் ஒரு மழையும் என் மடியில் கட்டாகக் கிடந்தன. எழுந்து பரணில் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். அப்பா என் கையை விடவில்லை.

"உனக்கு இது தெரியாதுல்லா" என்றார். "நீ படி. இங்கேயே உக்காந்து மனசுக்குள்ள படி. எனக்குச் சாயங்காலம் அந்தக் குடைக்காரன் கதையைச் சொல்லு, போதும்."

படித்தேன். சத்தமில்லாமல் தமிழில் ஒரு கதையை நான் படித்தது அன்றுதான் முதல் தடவை. பக்கத்தில் அவர் மூச்சு. கீழே கபாடிவாலா கூவிக்கொண்டு போனான், பழைய பேப்பர், பழைய புத்தகம் என்று. அதற்குப் பிறகு வந்த விடுமுறை நாட்களெல்லாம், வெயில் இருந்தால், அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். நான் தாளைத் திருப்பும்போது அவர் விரல் சால்வைக்குள் லேசாக அசையும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று அந்தக் கைக்குத் தெரியும். எனக்கு அதைவிட அதிகம் ஆனது. காத்திருந்தார்.

ஒரு நாள் ரொம்ப நேரமாகிவிட்டது போல.

"சத்தத்தையே காணும். தூங்கிட்டியா?"

"இல்லப்பா, படிக்கேன்."

"எங்க இருக்க?"

"ஆத்தங்கரையில."

"அவன் செத்துட்டானா?"

தாளைப் பார்த்தேன். மீசைக்காரன் கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"இன்னும் இல்ல."

"சரி" என்றார் அப்பா. "மெதுவாப் படி."